ராஸ்பெர்ரி பை 4 வாட்ச்டாக்: எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது

ஆளில்லாத வீட்டில் சர்வர் உறைந்துவிட்டால், பிளக்கைப் பிடுங்கிச் செருக ஒரு கை வேண்டும். ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினியின் சிப்பிலேயே அந்தக் கை இருக்கிறது, தனிக்காசு இல்லை. வாட்ச்டாக் என்பது இறங்குமுகமாக ஓடும் ஒரு டைமர். யாராவது அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டல் நின்றால் போர்டையே ரீசெட் செய்துவிடும்.

இடிசி ஃபோல்டரில், சிஸ்டம்டி-யின் (லினக்ஸில் மற்ற சேவைகளை எல்லாம் தொடங்கி நடத்தும் புரோகிராம்) சிஸ்டம்.கான்ஃப் ஃபைலில் 'ரன்டைம்வாட்ச்டாக்செக்' என்ற வரியைப் பாருங்கள். முன்னால் இருக்கும் ஹேஷ் குறியை எடுத்துவிட்டு 15 என்று போட்டு ரீபூட் செய்தால் முடிந்தது. இந்தச் சிப்பின் டைமர் சுமார் 16 நொடிக்கு மேல் எண்ணாது, அதனால்தான் 15. சிஸ்டம்டி ஏழரை நொடிக்கு ஒருமுறை தட்டும்.

சோதிக்காமல் ஊருக்குக் கிளம்பாதீர்கள். லினக்ஸின் மையமான கெர்னல் விழுந்தால் எத்தனை நொடியில் தானாக ரீபூட் ஆக வேண்டும் என்பதைச் சொல்லும் 'கெர்னல்.பேனிக்' மதிப்பு 0-ஆக (ரீபூட் வேண்டாம்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் ரீபூட் ஆனது கெர்னலாலா வாட்ச்டாக்காலா என்று தெரியாது. நிலுவையில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிடும் 'சிங்க்' கட்டளையைக் கொடுத்துவிட்டு, ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) சிஸ்ரிக்யூ-டிரிக்கர் ஃபைலில் 'சி' எழுத்தை எழுதினால் கெர்னல் விழும். தொலைவிலிருந்து இணைந்திருக்கும் எஸ்எஸ்ஹெச் திரை அப்படியே நின்றுபோகும். கால் நிமிடம் போல் கழித்துப் பச்சை எல்இடி மறுபடி துடித்தால் வாட்ச்டாக் வேலை செய்கிறது.

இந்த விதமான சாவுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் வீட்டு சர்வர்கள் பெரும்பாலும் இப்படிச் சாவதில்லை. எஸ்டி கார்டு தொங்கிவிட்டால் பிங்குக்கு (நெட்வொர்க் வழியே 'இருக்கிறாயா' என்று கேட்பது) பதில் வரும், லாகின் மட்டும் வராது. சிஸ்டம்டி ஏற்கெனவே ரேமில் இருப்பதால் நிம்மதியாகத் தட்டிக்கொண்டிருக்கும். வாட்ச்டாக்குக்கு எல்லாம் நலம் என்றே தெரியும். இதற்கு, கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்-லில் 'கெர்னல்.ஹங்_டாஸ்க்_பேனிக்' 1, 'கெர்னல்.பேனிக்' 10 என்று வையுங்கள். டிஸ்க்கின் பதிலுக்காக 120 நொடி அசையாமல் கிடக்கும் பிராசஸ் இருந்தால் கெர்னல் பேனிக் ஆகி, 10 நொடியில் ரீபூட் ஆகும். தூங்கி எழும் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால் 120-ஐ 300 ஆக்குங்கள், வீண் ரீபூட் குறையும்.

நெட்வொர்க் அறுந்தாலும் இதே கதைதான். அதற்கு 'வாட்ச்டாக்' என்ற பேக்கேஜைப் போட்டு, ரவுட்டரின் ஐபி-யை பிங் செய்யச் சொல்லுங்கள். வெளி இணைய முகவரியைக் கொடுக்கவே கூடாது. இணையம் போன இரவு முழுக்க சர்வர் ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும். வாட்ச்டாக் டிவைஸை ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும் என்பதால் சிஸ்டம்டி-யின் 15-ஐ 0 ஆக்கிவிட்டு, பேக்கேஜின் கான்ஃபிக்கில் 'வாட்ச்டாக்-டைம்அவுட்' 15 என்று எழுதுங்கள். அதன் டீஃபால்ட் 60-ஐப் பழைய கெர்னல்கள் ஏற்காது.

ஸ்மார்ட் பிளக்கால் கரண்டை வெட்டி எழுப்புவதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். எழுதிக்கொண்டிருக்கும் கார்டின் கரண்டைப் பிடுங்கினால் ஃபைல்சிஸ்டம் கெடலாம். மூன்று முறைக்கு மேல் வெட்டாதபடி வரம்பு வையுங்கள். மினி பிசி என்றால் பயாஸில், கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் அமைப்பையும் போட வேண்டும். டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் செய்திருந்தால் பாஸ்வேர்டு கேட்டு பூட் அங்கேயே நின்றுவிடும், எந்தக் காவலும் உதவாது.

அடிக்கடி ரீசெட் ஆனால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். கெர்னல் லாகில் அண்டர்-வோல்டேஜ் எச்சரிக்கை இருந்தால் முதலில் அடாப்டரையும் கேபிளையும் மாற்றுங்கள்.