வியர்க்கும் உள்ளங்கையும் நழுவும் பிஸ்டலும்: மூன்றாண்டு அனுபவம்

எனக்குக் கை வியர்ப்பதற்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை. குளிரூட்டிய உள்ளரங்கில் நின்றாலும், 'லோட் அண்ட் மேக் ரெடி' (தோட்டா ஏற்றித் தயாராகு) என்ற குரல் காதில் விழுந்ததும் உள்ளங்கை மட்டும் குழாயைத் திறந்துவிட்டது போல நனைந்துவிடும். பயிற்சியில் அவ்வளவாக வராது. போட்டியில் தவறாமல் வரும். உள்ளங்கையில் இருக்கும் வியர்வைச் சுரப்பிகள் உடற்சூட்டைவிட மனப் பதற்றத்துக்கே முதலில் பணிகின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவரை நல்ல துண்டு ஒன்று இருந்தால் போதும் என்றே நம்பியிருந்தேன்.

நான் சுடுவது ஐ.பி.எஸ்.சி. முறைப் போட்டிகளில், அதாவது வேகமும் குறியும் சேர்ந்து எண்ணப்படும் துப்பாக்கிச் சுடும் போட்டிகளில்; 9 மி.மீ. பிஸ்டல், இரு கைப் பிடி, வலக்கைப் பழக்கம். ஒரு கையில் நிதானமாகப் பிடித்துச் சுடும் ஏர் பிஸ்டலில் உதைப்பு மிகக் குறைவு, கைப்பிடியும் கைக்கேற்பச் செதுக்கிய மரம். அந்தப் பாடு வேறு. இங்கே நான் சொல்வது ஒவ்வொரு தோட்டாவுக்கும் துள்ளுகிற பிஸ்டலைப் பற்றி.

முதல் ஆண்டு முழுவதும் தவறான கையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். நழுவுவது வலக்கை என்று நினைத்து அதற்கே எல்லாவற்றையும் பூசினேன். ஒருநாள் நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்று கைபேசியில் மெதுநகர்வாகப் படம் பிடித்துக் காட்டினார். வலக்கை இருந்த இடத்தில் இருந்தது. இடது உள்ளங்கையின் அடிமேடுதான் ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியை விட்டு ஒரு நூல் அளவு விலகியது. நான்காவது தோட்டாவில் உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஐந்தாவதில் இடக்கை பிஸ்டலைப் பிடிக்கவில்லை, வலக்கை விரல்களின்மேல் சும்மா படுத்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எதைப் பூசினாலும் இடக்கைக்குத்தான் முதலில்.

விலகிய கையை மறுபடி அழுத்திப் பிடிக்க அரை விநாடி போகும். அரை விநாடிதானே என்று தோன்றும். இந்தப் போட்டியில் புள்ளியை நேரத்தால் வகுப்பார்கள். 32 தோட்டா ஸ்டேஜ் (போட்டியின் ஒரு சுற்று) ஒன்றில் 150 புள்ளியை 20 விநாடியில் எடுத்தால் 7.5, அதே புள்ளிக்கு 20.5 விநாடி என்றால் ஏறத்தாழ 7.32. ஒரே ஸ்டேஜில் இரண்டு முறை பிடியைச் சரிசெய்தால் கணக்கு இன்னும் மோசம். பிஸ்டல் கையிலிருந்தே விழுந்துவிட்டால் கணக்கே வேண்டாம், அன்றைய போட்டியிலிருந்து நீக்கம்.

முதலில் வாங்கியது மலையேறுபவர்கள் பூசும் திரவ சாக். மக்னீசியம் கார்பனேட்டை ஆல்கஹாலில் கலந்த கஞ்சி போன்ற பொருள். ஆல்கஹால் ஆவியாகும்போது கையில் இருந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகும், வெள்ளைப் பூச்சு மட்டும் தங்கும். பூசிய முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம். ஆனால் பெயர்ப் பட்டியலில் பத்தாவது ஆளாக நிற்பவனுக்கு ஐந்து நிமிடம் எதற்கு ஆகும்? வியர்வை மறுபடி ஊறியதும் பூச்சு சேறாகிவிடும். அதிகம் பூசினால் ஈரமே இல்லாமலும் வழுக்கும். தோலுக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாவு தூவியது போலத்தான். பயறு அளவு எடுத்துத் தேய்த்துக் காயவிட்டு, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். இதைக் கற்கவே ஒரு புட்டி காலியானது.

அடுத்து வந்தது பைன் மரப் பிசின் கலந்த பூச்சு. இதைப் பற்றி எனக்கு இன்னும் இரண்டு மனம். ஒட்டுகிறது, சந்தேகமே இல்லை. லேசான வியர்வை வந்தால் பிடிப்பு கூடுவது போலக்கூட இருக்கும். முதல் மாதம் இதைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம் என்றிருந்தேன். பிறகு மெல்ல அதன் குணம் தெரிந்தது. இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவும்போது கை சற்று தாழ்வாகவோ கோணலாகவோ விழுந்தால் காய்ந்த கையில் திருத்திக்கொள்ளலாம். பிசின் கையில் முடியாது. தப்பாக விழுந்த பிடி தப்பாகவே பூட்டிக்கொள்ளும், ஸ்டேஜ் முழுக்க அதோடுதான் வாழ வேண்டும். இன்னொரு நாள் அவசரத்தில் சுட்டுவிரல் நுனி வரை பூசிவிட்டேன். விசையை விட்டு முன்னே வரவேண்டிய விரல் ஒட்டிக்கொண்டு தயங்கியது, அடுத்தடுத்த இரட்டைச் சூடுகளின் தாளமே கெட்டுப்போனது. அன்றிலிருந்து சுட்டுவிரலை மடக்கி வைத்துக்கொண்டுதான் பூசுகிறேன்.

அது பிஸ்டலோடு நிற்பதும் இல்லை. மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), பை ஜிப், கைபேசித் திரை, கார்ச் சாவி எல்லாம் பிசுபிசுக்கும். ரேஞ்சில் படியும் ஈயத் தூசியும் அந்தப் பசையில் அப்பிக்கொள்ளும் என்பதால், போட்டி முடிந்ததும் சோப்பு போட்டு நன்றாகக் கழுவாமல் அந்தக் கையை வாயருகே கொண்டுபோகவே கூடாது.

கையை விட்டுக் கைப்பிடியின் பக்கம் திரும்பியது இரண்டாம் ஆண்டில். இழுத்து மாட்டும் ரப்பர் உறை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. உள்ளே வியர்வை இறங்கியதும் உறையே கைப்பிடியைச் சுற்றி நகர ஆரம்பித்தது. ஒட்டு நாடாவில் ரப்பர் வகை உலர்ந்த கைக்கு இதம், நனைந்த கைக்கு வீண். உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு வகைதான் ஈரத்திலும் பிடித்தது. ஓரம் பெயர்ந்ததும் மாற்றிவிட வேண்டும். கடைசியில், கைப்பிடியின் பின்புறம் கழற்றி மாற்றக்கூடிய பின்தகடு ஒன்றில் சோல்டரிங் அயர்ன் முனையால் பொடிப்பொடியாகக் குத்திப் பார்த்தேன். அம்மி கொத்தியது போல வந்தது, அழகென்று சொல்ல முடியாது. ஆனால் மூன்றாண்டில் செய்தவற்றில் ஒரு முறை செய்ததோடு நிற்பது இது ஒன்றுதான். கூர்மை அதிகமானால் 300 தோட்டாப் பயிற்சிக்குப் பிறகு உள்ளங்கை சிவந்து எரியும். பிறகு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினேன். எதை ஒட்டலாம், எது வரை குத்தலாம் என்பது போட்டிப் பிரிவுக்குப் பிரிவு மாறும், விதிகளும் அவ்வப்போது திருத்தப்படும். நடப்புப் பதிப்பைப் படிக்காமல் கை வைக்காதீர்கள்.

உண்மையான மாற்றம் வந்தது தோல் மருத்துவரிடம் போனபின். 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசல். இரவில் படுக்கப் போகுமுன் பூசி, காலையில் கழுவிவிட வேண்டும். தூக்கத்தில் வியர்வை குறைவு என்பதால் மருந்து சுரப்பியின் வாயை அடைக்க நேரம் கிடைக்கிறது. போட்டியன்று காலையில் பூசினால் பயனில்லை. ஈரக் கையில் பூசினால் அரிப்பு உயிரை எடுக்கும். கை நன்றாக உலரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் முதல் இரவே அதை அனுபவித்தேன். தொடக்கத்தில் நாள்தோறும், பிறகு வாரம் இரண்டு முறை. உள்ளங்கைத் தோல் தடிப்பு என்பதால் அக்குள் போல முழுதாக நின்றுவிடாது. எனக்குப் பாதிக்கு மேல் குறைந்தது என்பேன். அது போதும். கை சுத்தமாக வறண்டாலும் பிடிப்பு குறையும் என்பதை அப்போதுதான் கவனித்தேன். துளி ஈரம் இருக்கும் கைதான் நன்றாகக் கவ்வுகிறது. தண்ணீரில் கை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சையையும் மருத்துவர் சொன்னார். வாரத்தில் பல அமர்வுகள் வேண்டும் என்றதும் வேண்டாம் என்றுவிட்டேன்.

இறுக்கிப் பிடிப்பது பற்றி ஒரு வார்த்தை. நழுவுகிறது என்றதும் நாம் செய்வது வலக்கையை நெரிப்பதுதான். விசை விரலும் சேர்ந்து விறைக்கும், தோட்டா இடது கீழ்ப்புறம் இறங்கும். நான் இப்போது வலக்கையைக் கை குலுக்கும் அளவில் விட்டுவிட்டு இடக்கையால்தான் அழுத்துகிறேன். இடது அடிமேடு கைப்பிடியின் காலியான பகுதியில் முழுதாகப் பதிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். வியர்வை என்று நான் பழி போட்டதில் கணிசமான பங்கு இந்த இடைவெளியுடையது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது, அசடுதான்.

இன்னொரு அசட்டுத்தனம்: வியர்வை உப்பு இரும்பை அரிக்கும் என்று பயந்து, போட்டிக்கு முந்தைய இரவு ஸ்லைடுக்கு (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பாகம்) தாராளமாக எண்ணெய் விட்டேன். காலைக்குள் அது கைப்பிடிக்கு வழிந்து இறங்கிவிட்டது. அன்றைய முதல் ஸ்டேஜில் என்னிடம் இருந்த எந்தப் பூச்சும் உதவவில்லை. இப்போது எண்ணெய் விட்ட மறுகணமே கைப்பிடியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து வைக்கிறேன்.

இன்றைய வழக்கம் எளிது. வாரம் இரண்டு இரவு மருந்து, குத்திய கைப்பிடி, எனக்கு முந்தைய ஆள் சுடத் தொடங்கும்போது இடக்கைக்கு மட்டும் பயறளவு சாக். பிசின் புட்டி மழைநாளுக்கென்று பையின் மூலையில் கிடக்கிறது.

தீராதது ஒன்று உண்டு. ஸ்டேஜின் நடுவே மேகசின் மாற்ற இடக்கை விலகி, அரைக்கச்சையில் உரசி, நனைந்த மேகசினை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி கைப்பிடிக்குத் திரும்புகிறதே, அந்தத் திரும்பல். பாதி நாள் அது முதலில் பதிந்த இடத்தில் வந்து பதிவதில்லை. மேகசின் அடித்தட்டில் சொரசொரப்பு நாடா ஒட்டிப் பார்க்கலாம் என்று வெட்டி வைத்திருக்கிறேன்.