ஆன்லைன் தேர்வுக்கு டிஃபெண்டரா, காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸா?

வீட்டிலிருந்து தேர்வு எழுதுபவர்களிடம் கேமராவைப் பார், நெட்டைப் பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆன்டிவைரஸைப் பார் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு சான்றிதழ் தேர்வுக்காக லேப்டாப்பில் இருந்த கட்டண ஆன்டிவைரஸை எடுத்துவிட்டு, விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு மாறினேன். இன்றும் அதுதான் ஓடுகிறது.

வைரஸ் பிடிக்க வீட்டு உபயோகத்துக்கு இரண்டுமே போதும். டிஃபெண்டருக்குக் காசும் இல்லை.

எனக்கு முடிவைச் சொன்னது பாப்-அப், அதாவது திரையில் திடீரென்று முளைக்கும் அறிவிப்புப் பெட்டி. தேர்வு மென்பொருள் முழுத்திரையையும் பிடித்துக்கொள்ளும். நடுவில் வேறொரு பெட்டி முன்னால் வந்து நின்றால், எழுதுபவர் வேறு திரைக்குத் தாவியதாகச் சில மென்பொருள்கள் குறித்துக்கொள்ளும். டிஃபெண்டரின் அறிவிப்புகள் விண்டோஸ் வழியாகவே வருவதால், விண்டோஸ் 10-ல் ஃபோகஸ் அசிஸ்ட், 11-ல் டு நாட் டிஸ்டர்ப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். கட்டண ஆன்டிவைரஸ்கள் பலவும் பெட்டியைத் தாங்களே திறக்கின்றன. 'சந்தா முடியப்போகிறது' என்று அது வந்து நிற்கும்போது விண்டோஸ் செட்டிங் அதைத் தடுக்காது. ஈசெட்டில் கேமர் மோட், அவாஸ்டில் டு நாட் டிஸ்டர்ப் மோட் என்று ஒவ்வொன்றிலும் தனியாகத் தேடிப் போட வேண்டும். தேர்வுப் பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு?

டிஃபெண்டரிலும் முன்வேலை உண்டு. முந்தின நாளே குவிக் ஸ்கேன் ஓட்டி, விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். சிலர் எந்நேரமும் பின்னணியில் கண்காணிக்கும் ரியல்-டைம் பாதுகாப்பையே அணைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அது தானே திரும்ப ஆன் ஆகிவிடும், அணைக்கத் தேவையும் இல்லை. தேர்வு மென்பொருளையே டிஃபெண்டர் தடுத்தால் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் (அது தடுத்தவற்றின் பட்டியலில்) தெரியும். தேர்வு நடத்துபவர்களின் தளத்திலிருந்து இறக்கியதுதான் என்று உறுதியானால் மட்டும் அங்கேயே அனுமதி கொடுங்கள். இது தேர்வன்று தெரியவந்தால் கை நடுங்கும், அதனால் லேப்டாப் தேர்வுக்குச் சரிவருமா என்று பார்க்கும் சிஸ்டம் டெஸ்ட்டை அதே லேப்டாப்பில், அதே நெட்டில் முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள்.

அலுவலக லேப்டாப் வேண்டவே வேண்டாம். அதன் ஃபயர்வாலும் வி.பி.என்னும் உங்கள் கையில் இல்லை, அவை தேர்வு மென்பொருளைத் தடுத்தால் உங்களால் மாற்ற முடியாது.

கட்டண ஆன்டிவைரஸில் நான் பழகியது ஒன்றோடுதான், அதனால் எல்லாமே தொல்லை என்று சொல்ல மாட்டேன். சந்தா இன்னும் பாக்கி இருந்தால் நீக்க வேண்டியதில்லை. அதில் அறிவிப்புகளை அடக்கும் மோடைப் போட்டு ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்கள். அதிலும் பெட்டி வந்தால் சில நாள் முன்பே நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள், டிஃபெண்டர் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும்.