ரோலண்ட் ஜூனோ டிஎஸ்-61: பஸ்ஸில் போகிற கீபோர்டுக்காரருக்கு

கார் டிக்கியில் வாத்தியத்தைப் போட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இந்த 61 கீ கீபோர்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி, புதுச்சேரியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் மண்டபம் போய், ஆறு மணி வரவேற்புக்கு மேடையில் உட்கார வேண்டிய என் போன்ற ஆட்களுக்காக எழுதுகிறேன். கடையில் கீபோர்டை வாசித்துப் பார்க்கும் முன்னால் நாங்கள் தூக்கிப் பார்ப்போம்.

டிஎஸ்-61 எடை 5.3 கிலோ. இதே வரிசையில் பியானோ மாதிரி கனமான கீ கொண்ட டிஎஸ்-88 பதினாறு கிலோவைத் தாண்டும். அதைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும், அவருக்கு பஸ் காசும் நம் தலையில். 61-இன் நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். முதுகில் மாட்டினால் நுனி தலைக்கு மேலே எட்டிப் பார்க்கும். பைக்கில் போகும்போது பந்தல் கயிற்றைப் பார்த்துக் குனிய வேண்டும், அவ்வளவுதான். பஸ்ஸில் கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளலாம். சில கண்டக்டர்கள் "லக்கேஜ் டிக்கெட் போடணும் தம்பி" என்பார்கள். போட்டுவிடுங்கள்.

நான் இதை வாங்கியதற்கு உண்மையான காரணம் அடிப்பக்கம் இருக்கிற பேட்டரி அறை. பென்சில் பேட்டரி எட்டு. சாதாரண பேட்டரி கூடாது, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகைதான் போட வேண்டும். அந்த வகை ஒன்றுக்கு 1.2 வோல்ட், எட்டும் சேர்ந்தால் 9.6. இதன் அடாப்டர் 9 வோல்ட், கணக்கு ஒத்துப்போகிறது. ஆல்கலைன் எட்டைப் போட்டால் 12 வோல்ட் ஆகிவிடும். கீபோர்டுக்குள் வைத்தே சார்ஜ் ஏற்ற முடியாது. கழற்றித் தனி சார்ஜரில் போட வேண்டும். நான் இரண்டு செட் வைத்திருக்கிறேன். ஒரு செட் ஒரு வரவேற்புக் கச்சேரிக்குத் தாங்கிவிடுகிறது.

நம் ஊர் மண்டபங்களில் கச்சேரி நடுவே கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறுவது வழக்கமான சங்கதி. சில நொடிதான். ஆனால் அடாப்டரில் ஓடுகிற கீபோர்டு அந்தச் சில நொடியில் செத்து, மறுபடி எழுந்து, முதல் டோனில் (வாத்திய ஒலியில்) வந்து நிற்கும். சேவ் செய்யாமல் வைத்திருந்த ஸ்ப்ளிட் (இரண்டு கைக்கும் வேறு வேறு டோன்), டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றம்) எல்லாம் போச்சு. பாடகர் சரணத்தைத் தொடங்கியிருப்பார், நம் கை ஸ்டிரிங்ஸைத் தேடிக்கொண்டிருக்கும். பேட்டரியில் ஓட்டினால் கரண்ட் போனாலும் கீபோர்டு விட்ட இடத்திலேயே இருக்கும். ஸ்பீக்கர் பாக்ஸ் உயிர் பெற்றதும் அடுத்த கார்டை, அதாவது ஸ்வரக் கூட்டை, அழுத்தலாம்.

இன்னொரு லாபம், சத்தம். எர்த் ஒழுங்காக இல்லாத மண்டபத்தில் அடாப்டரைச் சொருகினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் வரும், சவுண்டுக்கார அண்ணன் நம்மைத்தான் முறைப்பார். பேட்டரியில் ஓடினால் மெயினோடு தொடர்பே இல்லை, பெரும்பாலும் அந்த ஹம் அடங்கிவிடும். அப்படியும் ஒரு டிஐ பாக்ஸ் (கீபோர்டுக்கும் மிக்ஸர் கேபிளுக்கும் நடுவே போடும் சின்னப் பெட்டி) பையில் இருக்கட்டும். மேடையிலிருந்து மிக்ஸர் வரை நீளக் கேபிள் போட்டால் இரைச்சல் ஏறும். பேசிவ் டிஐ கரண்ட் கேட்காது, எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டோன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டிரிங்ஸ், பிராஸ், எலெக்ட்ரிக் பியானோ மூன்றும் எண்பதுகளின் பாட்டுக்குத் தாராளமாகப் போதும். இடது கையில் ஸ்டிரிங்ஸ், வலது கையில் புல்லாங்குழல் என்று பிரிக்க ஸ்ப்ளிட் பட்டன் முன்னாலேயே இருக்கிறது. ரோலண்டின் அந்த ஒற்றை லீவர் எனக்குப் பிடிக்கும். இடம் வலம் தள்ளினால் சுருதி வளையும், முன்னால் தள்ளினால் அசைவு வரும், விட்டால் தானே நடுவுக்கு வந்துவிடும். நாதஸ்வரச் சாயல் உள்ள டோனில் இடது கட்டை விரலை அதில் வைத்து லேசாகத் தள்ளித் தள்ளி விட்டால் கமகம் ஓரளவு உட்காருகிறது. சுருதிக்கும் அசைவுக்கும் தனித்தனிச் சக்கரம் வைத்த கீபோர்டில் எனக்கு இது கூடிவரவில்லை. தபேலா, ஷெனாய் எல்லாம் உள்ளேயே வேண்டும் என்றால் ரோலண்டின் எக்ஸ்பிஎஸ்-30 கீபோர்டு பக்கம் போங்கள்.

பிடிக்காததும் உண்டு. கீ ரொம்ப லேசு. ஞாயிறு காலை சர்ச்சில் கீதம் வாசிக்கும்போது பியானோ டோனுக்கு விரலடியில் எதிர்ப்பே கிடைப்பதில்லை. ஆஃப்டர் டச் (அழுத்திய கீயை இன்னும் அமுக்கி ஒலியை மாற்றுவது) கிடையாது. உள்ளே ஸ்பீக்கரும் இல்லை, வீட்டில் பழக ஹெட்போன் கட்டாயம். பக்கத்து வீட்டுக்கு அது நல்லதுதான்.

வாத்தியத்தைவிட நம்மைப் படுத்துவது சுற்றியுள்ள சாமான்கள். கடையில் சேர்த்துக் கொடுத்த கவரின் ஜிப் முதல் மழைக்காலத்திலேயே வாயைப் பிளந்தது. கவர் வாங்கும்போது தோள் பட்டை தையலோடு நிற்கிறதா, உள்ளே ரிவிட் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பஞ்சு ஒரு விரல் தடிமனுக்காவது இருக்கட்டும். ஸ்டாண்டை நான் தூக்குவதில்லை. சவுண்டு சர்வீஸ் வண்டியிலேயே எக்ஸ் ஸ்டாண்டு வரும். அதில் ரப்பர் இருந்த இடத்தில் வெறும் இரும்பு இருக்கும், கீபோர்டு வழுக்கும். பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி இரண்டு துண்டு கவர் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். ஸ்டாண்டின் கைகளில் சுற்றிவிட்டால் ஆடினாலும் நகராது.

சஸ்டெயின் பெடலில் (மிதித்தால் ஸ்வரம் நீளும் பெடல்) ஒரு விஷயம். கம்பெனிக்குக் கம்பெனி போலாரிட்டி (மிதித்தால் இணைப்பு சேருமா, விலகுமா என்பது) மாறும். தப்பான பெடலைச் சொருகினால் மிதிக்கும்போது ஸ்வரம் அறுந்து, விடும்போது நீளும். அடியில் சின்ன போலாரிட்டி சுவிட்ச் உள்ள பெடல் எந்தக் கீபோர்டுக்கும் பொருந்தும். அடாப்டரிலும் இதே தலைவலி: ரோலண்டின் 9 வோல்ட் பின்னில் நடுவில் நெகட்டிவ், யமஹாவின் 12 வோல்ட்டில் நடுவில் பாசிட்டிவ். அவசரத்துக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் கடன் வாங்கிச் சொருகாதீர்கள்.

2024-இல் புது ஜூனோ-டி வரிசை வந்தபின் டிஎஸ்-61-ஐ செகண்ட் ஹேண்டில் தேடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் கடலூர், புதுச்சேரி ஆள் கையில் இருந்த கீபோர்டு உப்புக் காற்று குடித்திருக்கும். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் மேடை போட்டால் விடியும்போது கீ எல்லாம் பிசுபிசுக்கும். ஒவ்வொரு கீக்கும் அடியில் ரப்பரில் இரண்டு கான்டாக்ட் உண்டு. முதலாவது படுவதற்கும் இரண்டாவது படுவதற்கும் இடையே உள்ள நேரத்தை வைத்துத்தான் மெதுவாக அழுத்தினோமா ஓங்கி அழுத்தினோமா என்று கீபோர்டு கணிக்கிறது. ஒன்றில் அழுக்கு படிந்தால் அந்த ஸ்வரம் ஊமையாகும், இல்லையேல் தொட்டாலே அலறும். விற்பவர் வீட்டிலேயே ஹெட்போன் மாட்டி, பியானோ டோன் வைத்து, அறுபத்தொரு கீயையும் ஒரே அளவு மென்மையாக அழுத்திக்கொண்டே போங்கள். நாலைந்து கீ கத்தினால் ரப்பர் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.