பழைய ஷாக்கிற்குக் கறுப்பு பெயின்ட் அடித்துப் புதியது என்று பில் போட்டார்கள்

பத்து வருடத்துக்கு மேல் ஓடிய கார் வைத்திருப்பவர்கள், சஸ்பென்ஷன் வேலைக்கு வண்டியை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். திருச்சியில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் என் காரின் நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றியதாகச் சொல்லி 17,400 ரூபாய் வாங்கினார்கள். மாற்றவே இல்லை. பழையதையே கழற்றி, துளை போட்டு எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்து அடைத்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்து மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். பணம் போனதுகூட ஒரு பக்கம். அந்த வண்டியில்தான் அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து மதுரை வரை நான்குவழிச் சாலையில் ஓட்டிப் போனேன். நினைக்க நினைக்க ஆத்திரம் அடங்க மறுக்கிறது.

வண்டி 2010 மாடல் ஸ்விஃப்ட். ஷாக் தேய்ந்துவிட்டது என்பதில் சந்தேகமே இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் ஒரே மூச்சில் அடங்காமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். பிரேக் மிதித்தால் மூக்கு சட்டென்று இறங்கும். மேம்பால இணைப்புகளில் வண்டி பக்கவாட்டில் நகர்வதுபோல் இருக்கும். எல்லாவற்றையும்விடத் தெளிவான சாட்சி டயர்தான். முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில் மேடு, அடுத்து பள்ளம், மறுபடி மேடு. காற்று குறைந்தால் டயரின் இரு ஓரங்களும் தேயும். அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்டால் ஒரு பக்கம் மட்டும் தேயும். இப்படித் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் முதலில் ஷாக்கைத்தான் பார்க்க வேண்டும்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். உள்ளே எண்ணெயில் ஒரு பிஸ்டன் ஏறி இறங்குகிறது. எண்ணெய் சிறிய வால்வுகள் வழியாக நெருக்கிக்கொண்டு போகும்போது துள்ளலின் வேகம் சூடாக மாறிக் கரைந்துவிடும். எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிட்டால் அடக்குவதற்கு ஒன்றும் இல்லை. டயர் சாலையை விட்டு விட்டுத் தொடும். சாலையைத் தொடாத டயர் பிரேக்குக்கும் கட்டுப்படாது, ஸ்டீயரிங்குக்கும் கட்டுப்படாது. மழையில் இதன் விலை என்ன என்று சொல்லத் தேவையில்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன் நன்றாகத்தான் பேசினார். "மேடம், முன்னாடி ஸ்ட்ரட் ரெண்டும், பின்னாடி ஷாக் ரெண்டும் போய்விட்டது. கம்பெனிப் பொருளே போட்டுத் தருகிறோம்" என்றார். முன்சக்கரத்தில் ஷாக்கும் அதைத் தாங்கும் உடம்பும் ஒன்றாக இருக்கும் பாகம்தான் ஸ்ட்ரட். பழைய பாகங்களை எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை விவரம் குறிக்கும் ஜாப் கார்டிலேயே எழுதச் சொன்னேன், எழுதினார். வண்டி எடுக்கப் போனபோது, "எண்ணெய் வடிகிறது மேடம், உங்கள் டிக்கி பாழாகிவிடும் என்று பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம்" என்றார்கள். பெட்டியைக் கேட்டேன். அதுவும் குப்பையில் போய்விட்டதாம். பில்லில் "ஃப்ரண்ட் ஸ்ட்ரட் நியூ – 2, ரியர் ஷாக் நியூ – 2" என்று மட்டும் இருந்தது. பாக எண் இல்லை.

கொஞ்ச நாள் வண்டி அமைதியாக ஓடியது. புது எண்ணெய் உள்ளே இருக்கும்வரை அப்படித்தான் ஓடும். பிறகு பழைய ஆட்டம் திரும்பியது. கூடவே இடது முன்சக்கரத்தில் 'டக் டக்' என்ற சத்தம். அலைன்மென்ட் பார்க்க வேறொரு கடையில் நிறுத்தியபோது, வண்டியை லிஃப்டில் ஏற்றிய பையன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு நிமிடம் இங்கே வாருங்கள்" என்று கூப்பிட்டான்.

கறுப்பு பெயின்ட் ஸ்ட்ரட்டில் மட்டும் இல்லை, பிரேக் ஹோஸைப் பிடிக்கும் கிளிப் வரை வழிந்து உறைந்திருந்தது. உள்ளேயிருந்த, கம்பியைத் தூசியிலிருந்து காக்கும் ரப்பர் பூட் கிழிந்து தொங்கியது. தின்னர் தொட்ட துணியால் அவன் துடைத்ததும் பெயின்டுக்கு அடியில் துரு, துருவுக்கு நடுவில் உலோகத்தில் குத்திய எண்கள். தயாரிப்பு ஆண்டு 2010. குழாயின் பக்கவாட்டில் சுண்டுவிரல் நக அளவுக்கு வெல்டிங் மேடு. பளபளப்பாக இருக்க வேண்டிய பிஸ்டன் கம்பியில் இடுக்கியால் இறுக்கிப் பிடித்த பல் தடங்கள். அந்தத் தடம் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். பின்பக்க இரண்டிலும் அதே வெல்டிங், அதே பெயின்ட். எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

படங்களோடு போய்க் கேட்டதற்கு ஃபோர்மேன் சொன்ன பதில்: "ரீகண்டிஷன் பண்ணினது மேடம். பழைய வண்டிக்கு எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்." ரீகண்டிஷன் என்று சொல்லி, அதற்குரிய விலை வாங்கியிருந்தால் வேண்டுமா வேண்டாமா என்று நான் முடிவு செய்திருப்பேன். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். முன்பக்க ஸ்ட்ரட் வெறும் ஷாக் அல்ல; சக்கரத்தை நிமிர்த்திப் பிடித்திருப்பதும் அதுதான், ஸ்டீயரிங் திருப்பும்போது சேர்ந்து திரும்புவதும் அதுதான். அதன் உடம்பில் துளை போட்டு வெல்டிங் வைப்பதை என்னால் சிக்கனம் என்று ஏற்கவே முடியாது.

இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது. சிறு குழிகளில் கேட்கும் 'டக் டக்' சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் லிங்க் ராட் என்ற சிறிய இணைப்புக் கம்பி. அதுவும், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் ஷாக்கோடு ஒப்பிட்டால் மிக மலிவு. அதை மறைத்து, ஷாக்கின் மேல் கொஞ்சம் எண்ணெய் தடவி, "லீக்" என்று காட்டுவார்கள். சீலுக்குப் பக்கத்தில் தூசி ஒட்டிய லேசான ஈரம் பழைய ஷாக்கில் சாதாரணம். குழாய் நெடுக நனைந்து சொட்டினால்தான் போய்விட்டது என்று பொருள். சந்தேகம் இருந்தால் துடைக்கச் சொல்லுங்கள், சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். காரின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். முழுதாகப் போன ஷாக் அதில் அகப்படும், பாதி தேய்ந்தது தப்பிவிடும்.

இப்போது வேறு மெக்கானிக்கிடம் மாற்றிவிட்டேன். பாகங்களை நானே கடையில் வாங்கினேன். பெட்டியில் பாக எண், விலை, தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருந்தன. முன்பக்க ஸ்ட்ரட்டில் இடது, வலது தனித்தனி. கேஸ் நிரப்பிய வகையாதலால் கம்பியை அழுத்திவிட்டால் தானாக மெல்ல மேலே எழும்பியது. ஷாக்கை ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது, முன்னே என்றால் முன்னே இரண்டும், பின்னே என்றால் பின்னே இரண்டும். ஸ்ட்ரட்டோடு சேர்ந்த மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், பூட் ஆகிய சிறு பாகங்களையும் அப்போதே போட்டுவிட்டால் இரண்டாவது கூலி மிச்சம். ஸ்பிரிங்கை இறுக்க அவர் முறையான கம்பிரஸர் வைத்திருந்தார். அது இல்லாமல் கயிறு கட்டிக் கழற்றும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். இறுக்கம் விட்டுத் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். ஸ்ட்ரட்டைக் கழற்றினாலே சக்கரத்தின் சாய்வு மாறும் என்பதால் அன்றே அலைன்மென்ட்டும் செய்தேன். பழைய நான்கையும் பாலித்தீன் பையில் கட்டி டிக்கியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். அவைதான் இப்போது சாட்சி.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் திரும்பாவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட்டால் போதும். இதேபோல் 'நியூ' என்று பில் வாங்கியவர்கள் வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்ட்ரட்டில் குத்திய எண்ணைப் பாருங்கள். பெயின்ட் மூடியிருந்தால் தின்னர் போட்டுத் துடைத்துப் பாருங்கள். பில்லையும் ஜாப் கார்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.