அசெம்பிளி கற்க சேலத்தில் யாரிடம் போவது? லேப் சார், கோர்ஸ் சென்டர், போர்டு சர்வீஸ்காரர், இணைய வழிகாட்டி: ஓர் அலசல்

அசெம்பிளி என்பது புராசசருக்கான கட்டளைகளை ஒவ்வொன்றாக நேரடியாக எழுதும் மொழி. சேலத்தில் அது தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொருவருக்கும் தெரிந்த அசெம்பிளி வேறு வேறு என்பதுதான் சிக்கல். கருப்பூரிலோ ஜங்ஷன் மெயின் ரோட்டிலோ பொறியியல் கல்லூரி லேபில் நிற்பவருக்கு 8085, 8086 என்ற பழைய புராசசர் சிப்கள் தண்ணீர் பட்ட பாடு. எம்பெடட் (கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகள்) கோர்ஸ் நடத்துபவருக்கு 8051 சிப், ஆர்டுயினோ போர்டு. போர்டு சர்வீஸ் செய்பவருக்கு சிப்பின் ஒவ்வொரு காலிலும் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று தெரியும், உள்ளே ஓடும் நிரலை அவர் பார்த்திருக்க மாட்டார். இணையம் வழியாக வழிகாட்டுபவருக்கு இன்றைய லினக்ஸ் கணினி அத்துப்படி, ஆனால் உங்கள் மேசையில் ஒயர் கழன்று கிடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. "அசெம்பிளி சொல்லித் தருவீங்களா?" என்று மொட்டையாகக் கேட்டால் நால்வருமே "வாங்க" என்பார்கள். கிடைப்பது நான்கு வேறு பாடங்கள்.

ஆகவே ஆளைத் தேடும் முன் சிப்பை முடிவு செய்துகொள்ள வேண்டும். செமஸ்டர் தேர்வுதான் குறி என்றால் 8085, 8086, 8051. இவை முறையே 1976, 1978, 1980-இல் வந்தவை, இன்னும் லேப்களில் உயிரோடு இருக்கின்றன. எம்பெடட் வேலைக்குப் போக வேண்டும் என்றால் ஆர்ம் கார்டெக்ஸ்-எம் வகை சிப். ரிவர்ஸ் எஞ்சினியரிங் (முடிந்த நிரலைப் பிரித்து ஆராய்வது), கணினிப் பாதுகாப்பு, வீடியோ நிரல்களை வேகப்படுத்துவது போன்றவற்றுக்கு இன்றைய கணினிகளில் உள்ள எக்ஸ்86-64. அவசரம் எதுவும் இல்லாதவர் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் தொடங்குவது நல்லது. அதன் 32 பிட் அடிப்படைத் தொகுப்பில் 40 கட்டளைகள்தான். 32 ரெஜிஸ்டர்கள் (சிப்புக்குள் எண்களை வைக்கும் சிற்றறைகள்), அதில் ஒன்று எப்போதும் பூஜ்யம். ஐஐடி மெட்ராஸின் சக்தி, சி-டாக்கின் வேகா ஆகிய உள்நாட்டு புராசசர்களும் இந்த வழிதான். நேரில் சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் இதில் கடினம். முதுகலைப் பொறியியல் நுழைவுக்கான கேட் தேர்வுக்குப் படிப்பவர் இந்தத் தேடலில் அதிகம் அலைய வேண்டாம். அங்கே முகவரி முறைகள், பைப்லைன் (கட்டளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டும் முறை) போன்றவைதான் கேள்வியாகும், முழு நிரல் எழுதச் சொல்வதில்லை.

லேப் சார்

8085 கிட்டை (சிப்பும் கீபேடும் உள்ள பயிற்சிப் பலகை) பழசு என்று ஒதுக்குபவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். கட்டளையைக் கையால் எண்ணாக மாற்றி, கீபேடில் ஒவ்வொரு பைட்டாகத் தட்டியவருக்கு மெமரி என்றால் என்ன என்று இன்னொருவர் விளக்க வேண்டியதில்லை. 4105 என்ற இடத்துக்குத் தாவ வேண்டுமென்றால் 05-ஐ முதலிலும் 41-ஐ அடுத்தும் தட்ட வேண்டும். மாற்றித் தட்டினால் நிரல் எங்கேயோ போய் விழும். கீழ் பைட் முதலில் வரும் இந்த லிட்டில் எண்டியன் முறை அன்றோடு மனதில் பதிந்துவிடும்.

நேரக் கணக்கும் இங்கேதான் ஒழுங்காக வரும். கிட்டில் 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருந்தால் சிப் அதை இரண்டால் வகுத்து 3.072 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஒரு ரெஜிஸ்டரைக் குறைக்கும் டிசிஆர் கட்டளைக்கு 4 டி-ஸ்டேட் (சிப்பின் கடிகாரத் துடிப்பு), பூஜ்யம் ஆகாதவரை தாவச் சொல்லும் ஜேஎன்இசட்டுக்குத் தாவும்போது 10. ரெஜிஸ்டரில் பூஜ்யம் போட்டுத் தொடங்கினால் லூப் 256 முறை சுற்றும். 14-ஐ 256-ஆல் பெருக்கினால் 3,584, அதாவது சுமார் 1.17 மில்லிசெகண்ட். இதைத் தாளில் போட்டுக் காட்டும் ஆசிரியர் கிடைத்தால் முதல் மாதத்தை அவரிடம் ஒப்படைக்கலாம்.

அவரைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். "சார், டிசிஎக்ஸ் போட்டு ஜேஎன்இசட் போட்டா லூப் சரியா சுத்த மாட்டேங்குது, ஏன் சார்?" டிசிஎக்ஸ் 16 பிட் ஜோடியைக் குறைக்கும், எந்த ஃபிளாகையும் (முடிவு பூஜ்யமா என்பது போன்றவற்றைக் குறிக்கும் பிட்) தொடாது. அதற்கு முந்தைய கட்டளை விட்டுப்போன ஜீரோ ஃபிளாகைப் பார்த்துத்தான் ஜேஎன்இசட் முடிவெடுக்கும். அதனால் லூப் ஒரே சுற்றில் நின்றுவிடும், அல்லது நிற்கவே நிற்காது. ஜோடி பிசி என்றால், பி ரெஜிஸ்டரை ஏ-க்கு நகர்த்தி, சி-யோடு ஓஆர் செய்து, அதன் பிறகு தாவினால் சரியாகும். இதை அவர் தாளை எடுத்து விளக்கினால் விடாதீர்கள். ரெக்கார்டு நோட்டின் ஜெராக்ஸைத் தந்தால் அவர் தேர்வுக்கு மட்டும்.

லேப் சாரிடம் பொதுவாகக் கிடைக்காதது டீபக்கர் (நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் கருவி) பழக்கமும் ஆபரேட்டிங் சிஸ்டமும். 8086 லேபில் டாஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தின் இன்டரப்ட் 21-ஐ வைத்து எழுதிய நிரலை வீட்டில் 64 பிட் லினக்ஸில் ஓட்டப் பார்த்து நாள்கணக்கில் முட்டிக்கொள்பவர்கள் உண்டு. அது டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டருக்குள் மட்டுமே ஓடும். இன்னொன்று, செய்முறைத் தேர்வு மாதத்தில் எந்த லேப் சாரையும் பிடிக்க முடியாது. வெளி மாணவர் என்றால் துறைத் தலைவரின் அனுமதி இல்லாமல் லேபுக்குள் கால் வைக்க முடியாது. அங்கே படிக்கும் நண்பர் மூலம் போவது சுலபம்.

கோர்ஸ் சென்டர்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான எம்பெடட் கோர்ஸ்கள் சி மொழிக் கோர்ஸ்கள். அசெம்பிளி ஓரிரு வகுப்போடு முடிந்துவிடும். பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: லிங்கர் ஸ்கிரிப்ட் (நிரலின் எந்தப் பகுதி மெமரியில் எங்கே என்று சொல்லும் கோப்பு) பாடத்தில் உண்டா, டீபக்கரில் ஒவ்வொரு கட்டளையாக நகர்த்திக் காட்டுவீர்களா, ஒரு போர்டுக்கு எத்தனை பேர்? மூன்றாவதற்கு "நாலு பேர்" என்று பதில் வந்தால் நீங்கள் பணம் கட்டி வேடிக்கை பார்க்கப் போகிறீர்கள். சான்றிதழும் பிளேஸ்மென்ட் பேச்சும் முதல் பதிலாக வந்தால் இடத்தைக் காலி செய்யலாம்.

போர்டு சர்வீஸ்காரர்

பலரும் யோசித்தே பார்க்காத வழி இது. தறிகளும் ஆலைகளும் நிறைந்த மாவட்டம் இது. மோட்டார் டிரைவ், எடை மெஷின், தறி கன்ட்ரோலர் எனப் பழுதான போர்டுகளைச் சரிசெய்து பிழைப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் பலர் அசெம்பிளியில் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் லோ-லெவல் கற்பவருக்கு அவர்களிடம் பாதிப் பாடம் இருக்கிறது.

எஸ்டிஎம்32எஃப்103 சிப் வைத்த ப்ளூ பில் போர்டை எடுத்துக்கொள்வோம். 64 கிலோபைட் ஃபிளாஷ், 20 கிலோபைட் ரேம், விலை மலிவு. நிரலை ஏற்றியாயிற்று, எல்இடி எரியவில்லை. மாணவர் தன் நிரலையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார். சர்வீஸ்காரர் நிரலின் பக்கமே திரும்ப மாட்டார். முதலில் 3.3 வோல்ட் வருகிறதா, ரீசெட் காலின் வோல்ட் உயர்ந்து நிற்கிறதா என்று பார்ப்பார். அடுத்து பூட்0 ஜம்பர். அது 1-இல் இருந்தால் ரீசெட் ஆனதும் சிப் உங்கள் ஃபிளாஷுக்குப் போகாமல் தன் சொந்த பூட்லோடர் என்ற தொடக்க நிரலுக்குப் போய்விடும். கிரிஸ்டலை ஓசிலோஸ்கோப்பில் பார்க்கும்போது புரோபை 10 மடங்கில் வைக்கச் சொல்வார். 1 மடங்கில் வைத்தால் புரோபின் கெபாசிட்டன்ஸே துடிப்பை நிறுத்திவிடும், நல்ல கிரிஸ்டல் செத்துவிட்டது போலத் தோன்றும். இவையெல்லாம் திரை வழியாகக் கற்கக் கூடியவை அல்ல.

அவர் கை எட்டாத இடமும் இதே போர்டில் உண்டு. இதில் உள்ள கார்டெக்ஸ்-எம், தம்ப் என்ற சுருக்க வகைக் கட்டளைகளை மட்டுமே ஓட்டும். வெக்டர் டேபிளில் (தாவ வேண்டிய முகவரிகளின் பட்டியல்) உள்ள, ரீசெட் ஆனதும் ஓடும் ரீசெட் ஹேண்ட்லரின் முகவரி ஒற்றைப்படையாக, அதாவது கடைசி பிட் 1-ஆக இருக்க வேண்டும். குனு அசெம்பிளரில் அந்த லேபிளுக்கு முன் தம்ப்_ஃபங்க் குறிப்பை விட்டுவிட்டால் முகவரி இரட்டைப்படையாகிவிடும், முதல் கட்டளையிலேயே ஹார்டு ஃபால்ட் என்ற பிழையில் சிப் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஜம்பர் கோளாறுக்கும் இதற்கும் ஒரே அறிகுறிதான்: செத்த போர்டு. இன்னொரு தொல்லை, நகல் சிப்கள். அசல் சிப் டீபக்கருக்குச் சொல்லும் அடையாள எண் 1-இல் தொடங்கும், சில நகல்களில் 2-இல். ஓப்பன்ஓசிடி என்ற டீபக் மென்பொருள் இயல்பு அமைப்பில் அதை ஏற்க மறுக்கும். ஒயரிங்கும் சரி, நிரலும் சரி, அமைப்புக் கோப்பில் ஓர் எண்தான் இடிக்கிறது என்று கண்டுபிடிக்க நிரல் தெரிந்தவர் வேண்டும்.

அணுகும் விதம் முக்கியம். கடையில் வாடிக்கையாளர் போர்டோடு காத்திருக்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். "அண்ணா, இந்த போர்டுல 3.3 வருதுங்க, ஆனா ஓட மாட்டேங்குது. ஒரு அரை மணி நேரம் பாத்துச் சொல்ல முடியுங்களா?" என்று கேட்டு, அந்த நேரத்துக்கு உண்டான பணத்தைக் கொடுத்துவிடுங்கள். மல்டிமீட்டரும் போர்டும் உங்களுடையதாக இருக்கட்டும். வாடிக்கையாளர் போர்டில் உள்ள நிரலைப் படித்தெடுக்கலாமா என்று மட்டும் கேட்கக் கூடாது. அது இன்னொருவர் சொத்து, அவர் பிழைப்புக்கும் கேடு.

இணைய வழிகாட்டி

எக்ஸர்சிசம் என்ற நிரல் பயிற்சித் தளத்தில் எக்ஸ்86-64 அசெம்பிளிக்குத் தனிப் பாடவரிசை இருக்கிறது. நீங்கள் எழுதிய விடையைத் தன்னார்வலர்கள் காசு வாங்காமல் படித்துக் கருத்துச் சொல்வார்கள். இவர்களின் பலம், நூற்றுக்கணக்கான பேரின் நிரலைப் படித்துப் பழகிய கண். லூப் எண்ணிக்கையை ஆர்சிஎக்ஸ் ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு, லூப்புக்குள் லினக்ஸ் சிஸ்கால் (ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் வேலை கேட்பது) செய்யும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். சிஸ்கால் கட்டளை ஆர்சிஎக்ஸையும் ஆர்11-ஐயும் அழித்துவிடும். திரும்பி வரும்போது ஆர்சிஎக்ஸில் ஒரு முகவரி இருக்கும், லூப் முடியவே முடியாது. மாணவர் ஒரு வாரம் தேடுவதை இவர்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

இவர்களையும் சோதிக்கலாம். மெயினில் ஸ்டேக்கை (திரும்பும் முகவரிகளை அடுக்கி வைக்கும் மெமரி) தொடாமல், திரையில் எழுதும் பிரின்ட்எஃப்-ஐ நேராகக் கூப்பிடும் பத்து வரி நிரலை அனுப்புங்கள். கூப்பிடும் தருணத்தில் ஸ்டேக் பாயின்டர் (ஆர்எஸ்பி) 16-ஆல் வகுபட வேண்டும். மெயினுக்குள் நுழையும்போது திரும்பும் முகவரி 8 பைட்டை ஏற்கெனவே பிடித்திருக்கும். எனவே இன்னும் 8 குறைத்தாக வேண்டும். குறைக்காவிட்டால் சில நேரம் ஓடும், சில நேரம் மூவ்ஏபிஎஸ் கட்டளையில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற பிழையோடு நின்றுவிடும். "டீபக்கரில் எந்தக் கட்டளையில் நிற்கிறது? ஆர்எஸ்பி-யின் கடைசி இலக்கம் என்ன?" என்று திருப்பிக் கேட்பவர் நல்ல வழிகாட்டி. திருத்திய நிரலை மட்டும் அனுப்புபவர் இரண்டாம் தரம். "என் கணினியில் ஓடுகிறதே" என்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கலாம்.

எஃப்எஃப்எம்பெக், டேவ்1டி போன்ற திறமூல வீடியோத் திட்டங்களுக்குள் நேராகக் குதிக்கும் ஆசையும் சிலருக்கு உண்டு. கையால் எழுதிய அசெம்பிளி அங்கே குவிந்து கிடக்கிறது. செக்ஆஸ்ம் என்ற கருவி அதை சி வடிவத்தோடு ஒப்பிட்டு விடையையும் வேகத்தையும் சரிபார்க்கும். ஆனால் அங்கே இருப்பவர்கள் வாத்தியார்கள் இல்லை, அரைகுறை நிரலைத் தயவில்லாமல் திருப்பி அனுப்புவார்கள். முதல் வருடம் அவர்கள் அடுத்தவர் நிரலுக்கு எழுதும் விமர்சனங்களைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏற்காட்டில் இருப்பவருக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி ஏறி வாரம் இருமுறை லேபுக்கு வருவது நடக்காத காரியம். அவருக்கு இணைய வழிகாட்டிதான். கையேடுகளை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணைப்பு போகும் நாளிலும் வேலை நடக்கும். இன்டெல் கையேடு ஆயிரக்கணக்கான பக்கம், கட்டளைகளுக்கு அதன் இரண்டாம் தொகுதி போதும். போர்டு இல்லாமலே கியூஇஎம்யூ எமுலேட்டரில் ஆர்மும் ரிஸ்க்-ஃபைவும் பழகலாம்.

ஒருவரை மட்டும் என்றால்

நிரலைப் படித்துத் திருத்தும் இணைய வழிகாட்டியையே தேர்ந்தெடுப்போம். இருவர் முடியும் என்றால் முதல் நான்கு வாரம் லேப் சார், அதன் பிறகு வாரம் ஒரு நிரலாக இணையத்தில். போர்டு வாங்கிய பின் சர்வீஸ்காரரிடம் இரண்டு முறை போனால் போதும், மூன்றாம் முறை அதே சோதனையை நீங்களே செய்துவிடுவீர்கள். கோர்ஸ் சென்டருக்கான பணத்தில் போர்டு, எஸ்டி-லிங்க் (போர்டில் நிரலை ஏற்றும் கருவி), மலிவான லாஜிக் அனலைசர் (சிக்னல்களைப் பதிவு செய்து காட்டும் கருவி) மூன்றையும் வாங்கி மீதி வைக்கலாம்.

ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் இருப்பவர்கள் இணைய வழியை விட்டுவிட வேண்டியதில்லை. வழிகாட்டி படிப்பது உங்கள் இலக்கணத்தை அல்ல, ரெஜிஸ்டர்களை. முப்பது வரிக்கு மேற்படாத நிரல், அசெம்பிள் செய்த கமாண்ட், ஜிடிபி டீபக்கரில் இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ் கொடுத்தால் வருவது, நின்ற கட்டளை, எதிர்பார்த்த மதிப்பு ஆகிய ஐந்தும் இருந்தால் கூடவே இரண்டு வாக்கியம் போதும். திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள், எழுத்தாகவே ஒட்டுங்கள். அவர் அதை நகலெடுத்துத் தன் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.