வாங்காத கடனுக்கு வசூல் அழைப்பு: ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் சேவை பற்றி

2021ஆம் ஆண்டிலேயே மூடச் சொல்லி எழுதிக் கொடுத்த கடன் அட்டை ஒன்றுக்காக, 2024 ஜனவரியில் ஒருநாள் இரவு 7.40 மணிக்கு வசூல் முகவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். 14,360 ரூபாய் நிலுவை இருப்பதாகவும், மறுநாள் காலைக்குள் கட்டாவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும் என்றும் கூறினார். ஒரு ரூபாய்க்குக்கூட அந்த அட்டையை நான் பிற்பாடு தேய்த்ததில்லை. கணக்கு அறிக்கையை வரவழைத்துப் பார்த்தபோதுதான், அட்டை மூடப்படாமலேயே கிடந்ததும், 499 ரூபாய் ஆண்டுக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யுமாக 588 ரூபாய் 82 காசு ஆண்டுதோறும் ஏறி, தாமதக் கட்டணமும் வட்டியும் குட்டி போட்டு இந்தத் தொகையாக வளர்ந்திருந்ததும் தெரிந்தது. வங்கியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் மதிப்பிட வந்தது, பிறகு நாடிய, வங்கிகள் மீதான வாடிக்கையாளர் புகார்களைக் கேட்டுத் தீர்க்கும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் சேவையைத்தான்.

ஆனால் அந்தச் சேவைக்குப் போவதற்கு முன்னால் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் மதிப்பீடு முழுமை பெறாது. இரண்டாவது அழைப்பில் முகவர் குரலைத் தணித்துக்கொண்டு, "சார், இப்போதைக்கு ஒரு ஐந்நூறு ரூபாய் மட்டும் போட்டு விடுங்கள், ஃபைலை நான் நிறுத்தி வைக்கிறேன்" என்றார். தொல்லை விட்டால் போதும் என்று பலரும் இந்த இடத்தில்தான் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். ஒப்புக்கொள்ளாத கடனுக்குக் கட்டும் பகுதித் தொகை, கடனை ஒப்புக்கொண்டதற்கான சான்றாகக் காட்டப்படலாம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கடனுக்காக வழக்குத் தொடர உள்ள மூன்றாண்டுக் கெடு முடியுமுன் அப்படிக் கட்டி அதற்கு நம் கையெழுத்தில் ஒரு பதிவும் இருந்துவிட்டால், கெடு மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். நான் பணம் அனுப்பவில்லை. நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் அழைத்த எண், நேரம், பேசியவர் சொன்ன பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, இனி எழுத்தில் மட்டுமே பதில் சொல்வேன் என்று கூறி வைத்துவிட்டேன்.

மறுநாளே வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலும், அதே வாசகத்தை மின்னஞ்சலிலும் அனுப்பினேன். (பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டது, சேர்ப்பித்ததற்கான சான்று கைக்கு வருவதே முக்கியம்.) கடிதத்தில் கோபத்துக்கு இடம் கொடுக்கவில்லை. இந்தத் தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன். அட்டையை மூடக் கோரிய மின்னஞ்சலின் நகலை இணைத்து, எந்தத் தேதியில் எந்தக் கட்டணம் போடப்பட்டது என்ற விவரத்தையும், வசூல் நிறுவனத்துக்கு வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதத்தின் நகலையும் கேட்டேன். புகார் தீராத நிலையில் கணக்கை வசூல் முகவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது 2008 முதல் ரிசர்வ் வங்கி சொல்லிவரும் விதி. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கை. இரண்டையும் குறிப்பிட்டு, 7.40 மணி அழைப்பின் பதிவையும் சேர்த்தேன்.

முப்பது நாள் கழிந்தும் வந்தது ஒரு பொதுப்படையான பதில் மட்டுமே. அதன் பிறகுதான் குறைதீர்ப்பாளரின் வாசல் திறக்கிறது. 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம், வங்கிகள், வங்கி சாரா நிதி நிறுவனங்கள், மின்னணுப் பரிவர்த்தனைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக இருந்த மூன்று திட்டங்களையும் ஒன்றாக்கியது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. இணையத்தில் பதிய முடியாதவர்கள் சண்டிகரில் உள்ள மையத்துக்கு எந்த மொழியிலும் எழுதி அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலும் விளக்கம் கேட்கலாம். நான் இணையத்தில் பதிந்தேன். இணைப்புகளை வரிசைப்படுத்த ஒரு மாலைப்பொழுது பிடித்தது, பதிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. புகார் ஏற்கப்பட்டுவிட்டால் 15 நாளுக்குள் வங்கி எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள், ஒரு மாதமாக எங்கே இருந்தார் என்றே தெரியாத வங்கி அதிகாரி ஒருவர் தாமாகவே அழைத்து, மிகுந்த மரியாதையுடன் பேசினார்.

குறை என்று பார்த்தால், முதல் முப்பது நாளைச் சொல்வேன். வங்கியிடம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் அந்த ஒரு மாதமும் அழைப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. அவற்றை உடனே நிறுத்த இந்தத் திட்டத்தில் வழியில்லை. வங்கிக்கு முன்னதாக எழுதாமல் நேராகப் போகிறவரின் புகார் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும் என்பதும், தொலைபேசியில் மட்டும் சண்டை போட்டுக் களைத்தவர்களுக்குக் கசப்பான செய்தி. ரிசர்வ் வங்கியில் பதிவு பெறாத கடன் செயலிகளிடம் சிக்கியவர்களுக்கு இது பயன்படாது. அவர்கள் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் காவல் நிலையத்துக்கும்தான் போக வேண்டும்.

பேச்சு முடியும் தறுவாயில் வங்கி அதிகாரி, பாதித் தொகையைக் கட்டினால் "செட்டில்மென்ட்" ஆக முடித்துவிடலாம் என்றார். நான் மறுத்தேன். நம் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் "செட்டில்டு" என்று ஏறினால், கொடுக்க வேண்டியதைக் குறைத்துக் கொடுத்தவர் என்றே அடுத்த வங்கி படிக்கும். வீட்டுக் கடன் கேட்டுப் போகும் நாளில் அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும். கட்டணம் முழுவதையும் ரத்து செய்து, நிலுவையில்லாச் சான்றிதழ் தந்து, அந்த அறிக்கையைத் தரும் கடன் தகவல் நிறுவனத்தில் பதிவையும் திருத்தினால்தான் புகாரைத் திரும்பப் பெறுவேன் என்று எழுதினேன். ஏப்ரல் முதல் வாரத்தில் சான்றிதழ் வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை ஜூனில் எடுத்துப் பார்த்தபோது, அந்த அட்டைக்கு நேரே "குளோஸ்டு" என்றும், நிலுவைக் கட்டத்தில் பூஜ்யமும் இருந்தன.