தீப் பாதுகாப்புச் சான்றிதழ்: எதற்குக் காசு கட்டலாம், எதற்கு வேண்டாம்

"ஃபயர் அண்ட் சேஃப்டி படித்தால் கட்டாருக்குப் போகலாம்" என்று சொல்லித்தான் யாழ்ப்பாணத்தில் பல பாடநெறிகளுக்கு ஆள் சேர்க்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிற வீடுகள் இருக்கின்றன. ஆகவே சான்றிதழைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அதன் அடியில் கையெழுத்து யாருடையது என்பதை. படிப்பித்த நிலையமே அச்சடித்துத் தரும் தாள் ஒரு வகை. வெளியே உள்ள பரீட்சை அமைப்பு விடையைத் திருத்திப் பதிவிலக்கத்தோடு தரும் தாள் இன்னொரு வகை. "என்.எஃப்.பி.ஏ. தரத்தில்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் என்ற அந்த அமெரிக்க அமைப்பின் விதிக்கோவைகளை வைத்துப் படிப்பிக்கிறார்கள் என்பதற்குமேல் அதற்குப் பொருள் இல்லை. அந்த விதிக்கோவைகளை அமைப்பின் இணையத்தளத்திலேயே கணக்குத் திறந்து எவரும் இலவசமாக வாசிக்கலாம்.

அதே அமைப்பின் உண்மையான தகைமை, சி.எஃப்.பி.எஸ். என்ற தீப் பாதுகாப்பு நிபுணர் சான்றிதழ். அதன் பரீட்சை 100 பல்தேர்வு வினா, 3 மணித்தியாலம், தீப் பாதுகாப்புக் கைநூலைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். ஆனால் உயர்தரம் மட்டும் முடித்தவர் விண்ணப்பிக்க இந்தத் துறையில் 6 வருட அனுபவம் வேண்டும். தொடர்புள்ள துறையில் பட்டம் பெற்றவருக்கு 2 வருடம். எடுத்த பின்பும் 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வளைகுடாவில் ஏற்கெனவே வேலை செய்கிற பொறியியலாளருக்கு இது நல்ல முதலீடு. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைக்கு இதைக் காட்டி ஆசை ஊட்டுவது அநியாயம்.

நெபோஷ் என்ற பிரித்தானியப் பரீட்சை அமைப்பின் தீப் பாதுகாப்புச் சான்றிதழ் கண்காணிப்பு வேலைக்கானது. ஒரு எழுத்துப் பரீட்சை, அதோடு உண்மையான ஒரு கட்டடத்தில் தீ அபாய மதிப்பீடு. காலாவதித் திகதி கிடையாது என்பது அதன் பெரிய பலம். மதிப்பீட்டுக்கு யாழ். நகரத்தில் கட்டடம் தேடி அலையத் தேவையில்லை. மூன்று மாடிப் புடைவைக்கடை ஒன்றோ நல்லூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றோ போதும்: பின்கதவில் பூட்டிய ஷட்டர், படிக்கட்டுக்குக் கீழே அட்டைப் பெட்டிகள், சமையலறைச் சுவரோடு வரிசையாக எரிவாயுச் சிலிண்டர்கள். சிக்கல் மொழியில்தான் வரும். விடையெல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் பந்தி பந்தியாக, காரணம் காட்டி எழுத வேண்டும். தமிழ் மொழிமூலம் படித்தவர் முதலில் ஆறு மாதம் ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் மறுபரீட்சைக் கட்டணம் மிஞ்சும். 1918-இல் தொடங்கிய பிரித்தானியத் தீப் பொறியியலாளர் நிறுவகத்தின் படிநிலைப் பரீட்சைகளுக்கும் இதே கதைதான். அவை கோட்பாட்டை ஆழமாகக் கேட்பவை, கைவேலையைச் சோதிப்பவை அல்ல.

அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு நிறுவனமான ஓஷாவின் 30 மணி அட்டைக்குக் கடன் வாங்கவே வேண்டாம். அது அமெரிக்கத் தொழிலாளருக்கான விழிப்புணர்வுப் பயிற்சி. சான்றிதழ் அல்ல என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

இங்குள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு நல்ல வழி வேறு. மின்னியலிலோ குழாய் பொருத்துதலிலோ வெல்டிங்கிலோ என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமையில் 3-ஆம் அல்லது 4-ஆம் மட்டம் எடுத்து, அதற்குமேல் தீயணைப்புத் தொகுதிகளில் குறுகிய பயிற்சி ஒன்றைச் சேர்ப்பது. என்.வி.கியூ. திறன் மதிப்பீட்டைத் தமிழிலேயே செய்யலாம். தீயணைப்புக் கம்பனிகளுக்குக் குழாய்க்குப் புரி வெட்டவும், அலாரம் வயர் இழுக்கவும், பம் அறையைப் பராமரிக்கவும் ஆள் தேவை. அந்த வேலைக்குக் கைத்திறனைத்தான் பார்ப்பார்கள். நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு என்றால் மட்டும் போதாது. அந்தப் பாடநெறி தரச்சான்று பெற்றிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பதிவு நிலையத்துக்கு, தரச்சான்று பாடநெறிக்கு. இரண்டாவது இல்லாவிட்டால் என்.வி.கியூ. சான்றிதழ் வராது.

பயிற்சி உருப்படியானதா என்று கண்டுபிடிக்க, படிப்பிப்பவரிடம் சில கேள்விகள் போதும். "சி" வகைத் தீ என்றால் என்ன? பிரித்தானிய முறையில் அது எரிவாயு. அமெரிக்க முறையில் மின்னோட்டம் உள்ள கருவி. இரண்டையும் பிரித்துச் சொல்லாதவரிடம் படித்தவர், வளைகுடாவில் முதல் நேர்முகத்திலேயே தடுமாறுவார். காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான் நிறைவாக இருக்கிறதென்று எப்படி அறிவது? அதில் அழுத்தமானி இல்லை. நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். சமையல் எரிவாயு உணரியை எங்கே பூட்டுவது? தரைக்குக் கிட்ட, அந்த வாயு காற்றைவிடப் பாரமானது. கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரில், கே-80 (பாய்வெண் 80) தலைக்கு 1 பார் அழுத்தம் இருந்தால் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர்? 80. அழுத்தம் 4 பாராக ஏறினால்? 160, ஏனென்றால் கணக்கு அழுத்தத்தின் வர்க்கமூலத்தில் போகிறது. 320 என்று சொல்பவரை விட்டு விலகலாம்.

பம் அறை இல்லாத பயிற்சி அரைப் பயிற்சி. டீசல் பம்மை வாரம் ஒருமுறை 30 நிமிடம் ஓடவிட வேண்டும். அவசரத்தில் அது கிளம்பாமல் போவதற்கு முக்கிய காரணம் செத்த பற்றரிதான். குழாயில் அழுத்தம் குறையாமல் காக்கும் சிறிய ஜொக்கி பம் அடிக்கடி ஓடி நின்றால் எங்கோ கசிவு, அல்லது தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பிடிக்கவில்லை. சுண்ணாம்புக் கல்லில் ஊறி வரும் நம் கிணற்றுத் தண்ணீர் குழாய்க்குள் படிவு கட்டும். கடற்காற்று வெளிப் பொருத்துகளைத் துருப்பிடிக்க வைக்கும். இதைத் திரையில் படம் போட்டுக் காட்டினால் காணாது. ஒவ்வொரு மாணவரும் ஒரு தீயணைப்பானையாவது தன் கையால் அடித்துத் தீர்க்க வேண்டும். 6 கிலோப் பவுடர் அரை நிமிடம்கூட நிற்காது என்பது அப்போதுதான் உறைக்கும்.

செலவைப் போடும்போது பாடநெறிக் கட்டணத்தோடு நிற்கக்கூடாது. பரீட்சைக் கட்டணம், மறுபரீட்சை, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள கொழும்புக்குப் போய்வரும் செலவு, அங்கே தங்குமிடம், இழந்த நாட்கூலி எல்லாம் சேர வேண்டும். மொத்தம் 2 இலட்சம், சம்பளம் மாதம் 10,000 ரூபா கூடும் என்று வைத்துக்கொண்டால் காசு மீள 20 மாதம். வளைகுடா ஒப்பந்தங்கள் வழக்கமாக 2 வருடம். மீளும் காலம் அதைத் தாண்டினால் அந்தச் சான்றிதழ் இப்போதைக்கு வேண்டாம். பவுணிலோ டொலரிலோ கட்டணம் என்றால் நாணய ஆபத்தையும் சேர்க்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. பரீட்சைக் கட்டணம் பாடநெறித் தொகைக்குள் அடக்கமா, விலை மாறினால் யார் பொறுப்பு என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குவது நல்லது.

பதிவுப் படிவத்தில் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். நம் ஆட்களுக்குத் தந்தை பெயர் ஒரு இடத்தில் முன்னெழுத்து, இன்னொரு இடத்தில் முழுப்பெயர், வேறொரு இடத்தில் குடும்பப் பெயர். சான்றிதழில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று என்றிருந்தால் அத்தாட்சிப்படுத்தலிலும் விசாவிலும் வாரக்கணக்கில் மறிபட்டு நிற்க நேரும்; திருத்திய பிரதிக்கு மீண்டும் கட்டணம்.